நேர்ந்துகொள்ளாத மொட்டை

ஏப்ரல் 17, வியாழன்

இடது கண் இன்றைக்குத்தான் முழுசாகத் திறந்தது. திறந்ததும் கண்ணில் பட்ட முதல் ஆள் அம்மா. திரும்ப மூடிக்கொண்டேன்.

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் ஆன ஒரு அக்கா படுத்திருக்கிறாள். பாவம், அவள் தூங்கட்டும். அதனால்தான் எழுதுகிறேன். நோட்டு செண்பகா வாங்கிக் கொடுத்தது. செண்பகா என் அக்கா. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய்த்தான் நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன்.

நடந்தது இதுதான். எட்டாவது படிக்கும்போதே எனக்கு நரை வந்துவிட்டது. ஒன்றிரண்டு முடி இல்லை, முன்வகிட்டுக்கு வலப்பக்கம் ஒரு பட்டையே வெள்ளை. பள்ளியில் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள், அப்புறம் அவர்களுக்கே சலித்துப்போனது. எனக்கு அந்தப் பட்டை பிடித்தும் இருந்தது. அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. சாத்தூரிலிருந்து செண்பகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஆரம்பித்துவிட்டாள். "தங்கச்சிக்காரி தலையைப் பாத்தா, இது நரைச்ச குடும்பம்னு நெனைக்க மாட்டாகளா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கியம் அத்தையின் பார்லரில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்தாள். பாக்கியம் அத்தை அப்பாவின் அக்கா. சாத்தூர் சம்பந்தமும் அத்தை கொண்டுவந்ததுதான்.

கலரைக் குழைத்துப் பூசினார்கள். மேலே பிளாஸ்டிக் கவரை மாட்டி, சீக்கிரம் பிடிக்கட்டும் என்று மெஷினை வைத்துச் சூடு காட்டினார்கள். எரிகிறது என்றேன். "எரிஞ்சாத்தாம்ட்டி பிடிக்கும்" என்றாள் அத்தை.

மீதியை இன்றைக்கு எழுத முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது. அழுகை இல்லை, மருந்து.

ஏப்ரல் 18, வெள்ளி

தலையைச் சிரைத்துவிட்டார்கள். கொப்புளம் எல்லாம் முடிக்குள் இருந்தால் மருந்து போட முடியாதாம். நர்ஸ் அக்கா மெதுவாகத்தான் செய்தாள். உச்சியில் ஓரிடத்தில் முடியோடு தோலும் வந்தது. "ஆச்சு, ஆச்சு" என்று என்னைவிட அதிகமாக அவள்தான் முனகினாள்.

இடுப்பு வரைக்கும் இருந்த முடி ஒரு பாலித்தீன் பைக்குள் அடங்கிவிட்டது. அதில் அந்த வெள்ளைப் பட்டையைத் தேடிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. அம்மாவிடம் தூக்கிக் காட்டி, "பாரு, கலர் சூப்பரா பிடிச்சிருக்கு" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாத்தூர்க்காரர்கள் இன்றைக்கு வரவேண்டியது. சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டாயிற்று. எனக்குக் காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். முகத்து வீக்கம் வடிந்துவிட்டது. நெற்றி விளிம்பிலும் காதுக்குப் பின்னாலும் உச்சியிலும் புண் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் உப்புத் தண்ணீரில் கழுவி வெள்ளைக் களிம்பு போட்டுக் கட்ட வேண்டும்.

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே எதிர்வீட்டு செல்வக்கனி அக்கா ஓடி வந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தது. என்றாலும் முடி இல்லாத தலை தெரியாமலா போகும்? "என்னாச்சுக்கா பிள்ளைக்கு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "திருச்செந்தூர்ல முடி எறக்குனோம். அக்காளுக்கு நல்ல எடம் அமையணும்னு நேந்துக்கிட்டா. நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம், கேக்கலை. கத்தி கொஞ்சம் பட்டுட்டு, அதான் கட்டு."

செல்வக்கனி அக்காவின் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பிள்ளை செய்யும் இந்தக் காலத்துல!" என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அது வெட்கம் என்று நினைத்திருப்பாள்.

உள்ளே வந்ததும் கத்தினேன். தெருவுக்குக் கேட்கும் என்று அம்மா டிவியைச் சத்தமாக வைத்தாள். என்ன செய்ய, சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பனீர் எப்படி வறுப்பது என்று ஒருத்தி சொல்ல, கூடவே நான் கத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 26, சனி

பாக்கியம் அத்தை ஆப்பிளோடு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"உன் தோலு அப்படி, சங்கரி. எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன், ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றாள்.

கலர் போடுவதற்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அதெல்லாம் பாத்தா கடையைத் தெறந்து வைக்க முடியுமாட்டி?" என்று சிரித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "மதினி, மொட்டை விஷயத்தைச் சாத்தூர்ல சொன்னேன். அப்படியே உருகிப்போயிட்டாக. நாலாந்தேதி வாராக."

ஆப்பிளை நான் தொடவில்லை. செண்பகா ஒன்றைத் தின்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அரிப்பு தாங்கவில்லை. ஆறுகிற புண் அரிக்கத்தான் செய்யுமாம். சொறியக் கூடாதாம். கட்டின் மேலேயே தட்டிக்கொள்கிறேன். வெயில் வேறு. மதியம் கரண்ட் போனால் தலைக்கட்டுக்குள் வேர்த்து ஊறுகிறது.

இன்று அம்மாவோடு பெரிய சண்டை. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தோம். எரியுது, எரியுதுன்னு சொன்னேனே, அப்பவே கழுவிவிட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னதை மறுபடி எடுத்தேன். கொத்தமல்லிக் கட்டைத் தரையில் போட்டுவிட்டு அம்மா சீறினாள்.

"எனக்குந்தான் எரியும். மாசாமாசம் எரியும். பத்தொம்போது வயசுல இருந்து போடுதேன். நெத்தி வீங்கும், கண்ணு வீங்கும். நான் ஊரைக் கூட்டுனேனா? உங்கப்பாவுக்கே கல்யாணமாகி ரெண்டு வருசங்கழிச்சுத்தான் தெரியும்."

முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போடுவது எனக்குத் தெரியும். எரியும் என்பது தெரியாது. கேட்டதும் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எரிவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்தானே?

ஆஸ்பத்திரியில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். எரிகிறது என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கவரைப் பிடுங்கப் போனேன். அம்மா முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்து நாற்காலிக் கையோடு சேர்த்து அமுக்கினாள். "கொஞ்ச நேரம் பொறு, கொஞ்ச நேரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கத்தியது ரோட்டில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும். அவள் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா "ஏம்மா உடனே கழுவலை?" என்று கேட்டபோது, "பிள்ள சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா. வீங்கின கண்ணை மூடிக்கொண்டு இதை நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அம்மா ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்ல வேண்டும். என்னிடம் இல்லை, எனக்குத்தான் தெரியுமே. வேறு ஆள் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு அது போதும்.

மே 1, வியாழன்

தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து என் கட்டிலுக்கு நேராக மாட்டினார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். "பெரியவளுக்கு முடியட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார். என்னத்தைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டேன். ஸ்குரூடிரைவரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். அது அவர் கையிலேயே இருந்தது.

மே 4, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

கட்டு வேண்டாம், திறந்தே காயட்டும், தலையில் எதுவுமே படக்கூடாது என்று போன வாரம் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாதி இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் இன்னும் பொருக்கு.

காலையில் அம்மா ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். மொட்டை போட்டவள் தலையில் சந்தனம் இல்லாவிட்டால் சந்தேகம் வருமாம். சந்தனம் பூசினால் புண்ணும் தெரியாதாம். இந்த யோசனைக்கு அவளே தன்னை மெச்சிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. "குளிர்ச்சிதானட்டி, ஒண்ணும் செய்யாது" என்றாள்.

முடியாது என்றேன். செண்பகா சேலை கட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். "எனக்காகட்டி" என்றாள். அவளுக்கு அந்தச் சாத்தூர்ப் பையனைப் பிடித்திருக்கிறது. போனில் பேசிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்தேன். அம்மா பூசினாள். இந்தத் தடவை யாரும் கையைப் பிடிக்கவில்லை, கையை நானே தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

சாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். செண்பகாவை ஐந்து நிமிடம் பார்த்தார்கள், என்னை அரை மணி நேரம் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக இருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "அக்காளுக்காக முடியைக் குடுத்திருக்கே. இந்த மாதிரி வீட்டுலதான் பொண்ணெடுக்கணும்" என்றார். "எங்கையாலயும் கொஞ்சம் வைக்கேன் தாயி" என்று கிண்ணத்தில் கையைவிட்டுச் சந்தனத்தை அள்ளி, நடு உச்சியில் வைத்துத் தேய்த்தார்.

பொருக்கு பெயர்ந்தது எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்தேன். சிரிப்பு மாதிரி இருந்திருக்கும்போல, யாரோ போட்டோ எடுத்தார்கள். அம்மா எதிரே காபித் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை நீட்டி, "காபி எடுத்துக்கிடுங்க" என்று அடுத்த ஆளிடம் போனாள்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஜூன் எட்டாம் தேதி நிச்சயம்.

மே 5, திங்கள்

தலை கொதிக்கிறது.

மே 7, புதன்

சீழ் பிடித்துவிட்டது. இப்போது நிஜமாகவே காய்ச்சல். அம்மாவின் பொய்யெல்லாம் ஒவ்வொன்றாகப் பலிக்கிறது.

டாக்டரம்மா பஞ்சால் துடைத்துப் பார்த்துவிட்டு, "யாரு இதுல சந்தனம் பூசுனது?" என்று கேட்டார். அம்மா, "வேண்டுதல்ங்க டாக்டர்" என்றாள். முடியைச் சிரைக்கச் சொன்னவரே அந்த டாக்டரம்மாதான்! அவரிடமே வேண்டுதல் என்கிறாள். பழகிப்போய்விட்டது.

டாக்டரம்மா அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். "காதுக்குப் பின்னாடி முடி வந்துரும். முன்னாடியும் வரும். உச்சியில ஒரு எடத்துல வேர் போயிட்டு. உள்ளங்கை அகலத்துக்கு இனிமே வராது." பதினாறு வயசுப் பிள்ளையிடம் இதைச் சுற்றிவளைக்காமல் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா அழுதாள். நான் மருந்துக் கடை வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

மே 12, திங்கள்

செண்பகா வேலை முடிந்து வரும்போது எனக்கு ஒரு பூப்போட்ட ஸ்கார்ஃப் வாங்கி வந்தாள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "கல்யாணம் முடிஞ்சதும் அவர்கிட்ட நானே சொல்லிருவேன்" என்றாள்.

"முடிஞ்சப்புறம் சொல்லி என்ன?"

"இப்பச் சொன்னா, சாமி பேரைச் சொல்லி ஏமாத்துனோம்னு ஆயிரும்ட்டி. நரையை மறைச்சது பெருசில்ல, நேர்த்திக்கடன்னு பொய் சொன்னதை அந்த அம்மா விடவே மாட்டாக."

அவள் சொல்வதும் சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. இந்த வீட்டில் எல்லாரும் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. என் தலை மட்டும்தான் வெந்துபோயிருக்கிறது.

மே 19, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. ரேஷன் கடைக்குப் போனேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா வழிமறித்து, "நீதான அக்காளுக்காக மொட்டை போட்ட பிள்ள? எம்மகளுக்கும் முப்பது ஆகப்போவுது, அவ பேரைச் சொல்லிக் கும்பிட்டுக்கோ தாயி" என்றாள். மகள் பேர் வேலம்மாளாம். நட்சத்திரமும் சொன்னாள்.

கும்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து துவரம்பருப்புப் பையைத் தூக்கி எறிந்தேன். பை கிழிந்து, எல்லாப் பருப்பையும் நானே பொறுக்க வேண்டியதாயிற்று.

மே 27, செவ்வாய்

எதிர்வீட்டுத் தேன்மொழி வயதுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சடங்கு. மண்டபம் பிடித்து, போட்டோவுக்கு மதுரையிலிருந்து ஆள் வருகிறதாம். பதின்மூன்று வயசு. லீவில் என்னிடம் கணக்குக் கேட்க வருவாள். இன்று பத்திரிகை கொடுக்க அவள் அம்மா செல்வக்கனி அக்கா வந்தபோது அவளும் கூட வந்தாள்.

"அலங்காரம் எல்லாம் பாக்கியம் மதினிதான் பண்ணுதாக. முடி செம்பட்டையா இருக்கு, போட்டோல நல்லாயிருக்காதுன்னு சனிக்கிழமையே கலர் போட்டுரலாம்னு சொல்லிட்டாக" என்றாள் செல்வக்கனி அக்கா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பத்திரிகையைப் பார்த்தாள். மஞ்சள் தடவிய ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, "நல்லா நடக்கட்டும்" என்றாள்.

தேன்மொழி போகும்போது என் ஸ்கார்ஃபைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் இதே மாதிரி வேணும்க்கா" என்றாள்.

மே 29, வியாழன்

இரண்டு நாளாக அம்மாவோடு ஒரே பேச்சு. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

"எல்லாருக்கும் அப்படி ஆகாதுட்டி. உனக்கு ஆச்சு."

"ஆச்சுன்னா?"

"ஆகாது."

"உனக்கு எரியுது, எனக்கு வெந்துபோச்சு. அவளுக்கு என்ன ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டாந்தேதி முடியட்டும் சங்கரி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன். பாக்கியம் மதினியைப் பகைச்சா இந்தச் சம்பந்தம் நிக்காது. பெரியவளுக்கு இருபத்தேழு ஆகுது."

எட்டாம் தேதிக்கு அப்புறம் தேன்மொழியின் தலைக்கு என்ன கலர் வேண்டுமானாலும் ஆகிவிட்டுப் போகலாமா? கேட்டேன். அம்மா கிரைண்டரைப் போட்டாள்.

மே 31, சனி

காலையில் செண்பகாவிடம் மட்டும் சொன்னேன், பார்லருக்குப் போகிறேன் என்று. கண்ணாடி முன்னால் சடை பின்னிக்கொண்டிருந்தாள். சடையை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். "போறதுன்னா போ. என்கிட்ட அனுமதி கேக்காத" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் எழுந்து கதவை மறிக்கவில்லை, அம்மாவைக் கூப்பிடவும் இல்லை.

பார்லர் அடுத்த தெருதான். வாசலில் செருப்புக்கு இடமில்லாத கூட்டம், முகூர்த்தச் சீசன். தேன்மொழி அதே நாற்காலியில் கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்வக்கனி அக்கா நின்றாள். பின்தலையில் ரெண்டு வகிடு பூசியாகிவிட்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. திரும்பி ஓடியிருப்பேன். கண்ணாடி வழியாக அவள்தான் பார்த்துவிட்டு, "சங்கரிக்கா!" என்றாள்.

உள்ளே போய் ஸ்கார்ஃபை அவிழ்த்தேன்.

முளைமுடிக்கு நடுவில் உச்சியில் அந்தத் தழும்பு பளபளவென்று இருக்கும். காதுக்குப் பின்னால் இன்னும் சிவப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இது சாமிக்குப் போட்ட மொட்டை இல்லை. இந்த நாற்காலியில் கலர் போட்டு வெந்துபோன தலை" என்றேன். வீட்டில் அவ்வளவு கத்துகிற எனக்கு அங்கே குரலே வரவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாக்கியம் அத்தை பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "காய்ச்சல் வந்து கெடந்த பிள்ள, என்னமோ உளறுதா. ஒண்ணும் இல்ல செல்வக்கனி, நீ இரு" என்றாள். என்னிடம், "ஏட்டி, உங்கக்கா நிச்சயம் எட்டாந்தேதி. நெனப்பு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

செல்வக்கனி அக்கா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரை நம்புவாள்? திருச்செந்தூரில் முடி இறக்கினோம் என்று கேட்டுக் கண் கலங்கினவள் அவள். "உங்கம்மா ஏன் அப்படிச் சொன்னாக?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தேன்மொழியின் கையைப் பிடித்து எழுப்பினேன். அத்தை குறுக்கே வந்து அவள் தோளில் கையை வைத்தாள். "பாதில கழுவுனா திட்டுத்திட்டா ஆயிரும். உக்காருட்டி." தேன்மொழிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். செண்பகா சொல்லியிருக்க வேண்டும். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பு இல்லாமல், கையில் மாவு. என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தாள், அது அவள் வந்த வேகத்திலேயே தெரிந்தது. வாசற்படியில் கால் வைத்தவள் தேன்மொழியைப் பார்த்தாள், தோளை அமுக்கிக்கொண்டிருந்த அத்தையின் கையைப் பார்த்தாள். அதற்குமேல் உள்ளே வரவில்லை.

"நீங்களே சொல்லுங்கக்கா. வேண்டுதலா, இல்லையா?" என்றாள் செல்வக்கனி அக்கா.

அம்மா கையிலிருந்த மாவைத் துண்டில் துடைத்தாள். அடுத்த பொய் வருகிறது என்று நினைத்தேன்.

"இல்ல" என்றாள். "கலர் போட்டுத்தான். எரியுது எரியுதுன்னு கத்துனா. கவரைப் பிடுங்கப் போனா. நான்தான் ரெண்டு கையையும் பிடிச்சு அமுக்குனேன். தோல் வெந்து தண்ணி வடிஞ்சப்புறந்தான் விட்டேன்."

நான் தேன்மொழியை இழுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். இந்தத் தடவை செல்வக்கனி அக்காவே அத்தையின் கையைத் தட்டிவிட்டாள்.

அவளைக் குனியவைத்துக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. உள்ளே அத்தை கத்துவது கேட்டது. "இரு மதினி, உன் சம்பந்தியம்மாளும் இந்த வண்டவாளத்தைக் கேக்கட்டும்!" போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுடைய அந்தச் சின்னக் குரல் குழாயடி வரைக்கும் வந்தது. அம்மா அவரிடமும் மறைக்கவில்லை. நரையை, கலரை, மொட்டையை, சந்தனத்தை எல்லாவற்றையும் சொன்னாள். செண்பகாவுக்கு இதில் பங்கு இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். அது மட்டும் பொய்.

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை, கேட்டார்.

"அன்னிக்கு நானும்லா சந்தனத்தை அள்ளி வச்சுத் தேச்சேன்? பச்சைப் புண்ணு, உசுரு போயிருக்குமே. பிள்ள ஏன் ஒரு சத்தங்கூடப் போடல?"

"சத்தம் போட்டா அமுக்கிருவோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. "நான்தான் பழக்கிவிட்டேன்."

"அப்புறம் பேசுதேன்" என்று அவர் வைத்துவிட்டார். எப்போது பேசுவார், என்ன பேசுவார், ஒன்றும் தெரியாது. இதை எழுதுகிற சாயங்காலம் வரைக்கும் கூப்பிடவில்லை. செண்பகா அறையைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். அம்மா இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவள் சொல்லிவிட்டால் என் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை.

ஆனால் குழாயடியில் இருந்தபோது அதையெல்லாம் நினைக்கவில்லை. தண்ணீர் வெளுக்கிற வரைக்கும், வெளுத்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சடங்கு முடியாத பிள்ளை, குனிந்த தலையோடு கழுத்து வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் நின்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"எரியுதாட்டி?" என்று கேட்டேன்.

"லேசாத்தான்க்கா. பரவாயில்ல."

"பரவாயில்லைன்னு சொல்லாத. எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லு."

"எரியுது" என்றாள்.

"சத்தமாச் சொல்லு."

"எரியுதுக்கா!" என்று கத்தினாள். உள்ளே இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.